ராஜசேகர் கீழே போட்ட விமானம்

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ரயில் நிலையம்கூட இல்லாத ஊருக்கு அதுவே கொஞ்சம் அதிகம். ஒரகடம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ராஜசேகர், மீனம்பாக்கத்துக்குப் போய்ப் பழகி, பகலில் பறக்க லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஊரார் ‘பைலட்டு’ என்றார்கள். அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

பாக்கி இருந்தது, இருட்டில் தனியாக இறக்குவது. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் இரவு லைசென்ஸும் வந்துவிடும். அதற்குக் குறித்த சாயங்காலம் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் வேன் பிடித்து மீனம்பாக்கத்துக்குப் பார்க்க வந்திருந்தார்கள்.

இருட்டியபின் ஏறியதிலும் சுற்றியதிலும் குறையில்லை. இறங்கும்போதுதான் ஒரகடம் ரோட்டுப் பழக்கம் குறுக்கே வந்தது. அந்த ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டிப் பழகியவன் ஹெட்லைட் விழுகிற இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். எடுத்தால் பள்ளம், அல்லது எருமை. ஓடுதளத்தின் கடைசி விளக்கைப் பார்த்து இறக்கினால்தான் தரை எவ்வளவு கீழே என்று தெரியும் எனப் பயிற்சியாளர் ஃபிரடி தொண்டை வற்றச் சொல்லியிருந்தார். ராஜசேகர் விமானத்தின் ஹெட்லைட் விழுந்த இடத்தில் எருமையைத் தேடினார். எருமை இல்லை. தரை இருந்தது, அவர் நினைத்ததற்கு முன்னாலேயே. விமானம் தடாலென்று மோதி, ஒருமுறை எகிறி, மறுபடி உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிவந்து நின்றது.

ஆட்கள் கைதட்டினார்கள்.

“சும்மா கிண்ணுனு குந்திக்கிச்சு மொதலாளி,” என்றார் ஃபோர்மேன் அப்பாவு. “முன்னாடி ஒருத்தன் எறக்கினான், சத்தமே வர்ல. அதெல்லாம் ஒரு எறக்கமா?”

ஃபிரடி தள்ளி நின்று, அடுத்து அதே விமானத்தில் ஏறப்போகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எதையும் கவனிக்கவில்லை.

“எப்படி சார் இருந்தது?” என்று ராஜசேகரிடம் திரும்பிக் கேட்டார்.

‘நல்லா இருந்தது’ என்றால் போதும். ராஜசேகரின் கண் அப்பாவுமேல் விழுந்தது. ராஜசேகரின் பட்டறையில் கடைந்த சாமான் கைதவறி விழுந்தால், கீறலே இல்லாவிட்டாலும் கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். போட்டவனே வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி, பாடுபட்டுக் கடைந்ததையெல்லாம் பெட்டியில் கொட்டியவர்தான் அப்பாவு. கொட்ட வைத்தவர் ராஜசேகர்.

“கீழ போட்டுட்டேன் சார். நல்ல அடி. பாக்காம யாரையும் ஏத்தாதீங்க.”

“அப்ப லைசென்ஸ் இன்னிக்கு இல்ல. தெரியுமில்ல?”

“தெரியும்.”

மெக்கானிக் எஞ்சின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். முன்சக்கரம் தாங்கும் இடத்தில் தகடு மடங்கிப்போயிருந்தது. ஏறப்போனவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ராஜசேகரும் ஆட்களோடு வேனிலேயே திரும்பினார். குன்றத்தூர் தாண்டியதும் அப்பாவு சொன்னார்: “நாங்கோ போட்டது புஷ்ஷு, போல்ட்டு. நீ ஏரோப்ளேனையே போட்டுட்டு ஒத்துக்கினியே மொதலாளி.”

தோற்றுவிட்டுத் திரும்பும் மனிதர் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடாது. ராஜசேகர் உட்கார்ந்திருந்தார்.

இரவு லைசென்ஸ் பின்னால் வரத்தான் வந்தது. பட்டறையில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் அப்பாவு சொல்வது விமானம் விழுந்த கதையைத்தான், ஏதோ அவரே போட்டதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.