ஒன்னும் முடியாதுங்க

அத்தையின் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றித்தான் ஓட்ட வேண்டும். அதன் வலது கைப்பிடியில் மட்டும் அரக்கு நிறப் பட்டு நூல் சுற்றியிருக்கும். வியர்வையில் கை வழுக்காமல் இருக்க, மிச்சம் விழுந்த நூலை அத்தையே இறுக்கிச் சுற்றியது. அப்பாவின் தங்கை அவர். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. கால்கள்தான் போயின, மற்றபடி எதையும் யாருக்கும் விட்டுக்கொடுத்தவர் இல்லை. ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் கடைகளுக்கு அந்த வண்டியிலேயே போய்ப் புதுப் பட்டுச் சேலைகளை வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டு வருவார். முந்தானை நூல்களைப் பிரித்து முறுக்கிக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால், "இன்னாப்பா, ரோடு உங்க வூட்டு ஆஸ்தியா? ஒதுங்கிப் போ" என்பார். ஒதுங்கித்தான் போவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. உதவித்தொகைக்காக யாராவது விசாரிக்க வந்தால், கையிலிருக்கும் சேலையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அத்தை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். வண்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அப்பா கைகட்டி நின்று, "அவளால ஒன்னும் முடியாதுங்க சார். எல்லாத்துக்கும் நாங்கதான்" என்பார். வந்தவர் தெருமுனை திரும்பியதும், "அண்ணா, நீ நாடகத்துக்குப் போயிருக்கலாம்" என்று அத்தை சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். வேலை செய்கிறார் என்று தெரிந்தால் பணம் நின்றுவிடும் என்று பயம். ஊனமுற்றவர் உழைக்கவும் செய்வார், உதவியும் அவருக்கு வேண்டும் என்பது மட்டும் அந்த அலுவலகத்துக்கு விளங்காது. அந்தப் பொய்யை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான்.

ஒரு நாள் காலை காபி டம்ளர் அத்தையின் வலது கையிலிருந்து நழுவியது. வாய் கோணிப் பேச்சு குழறியது. காஞ்சிபுரத்தில் காட்டினோம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, தொடை வழியாகக் குழாய் விட்டு அதை இழுத்தெடுக்கும் வசதி சென்னையில் இருக்கிறது, உடனே போங்கள் என்று அனுப்பினார்கள். போனோம். இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். அத்தை இடது கையால் வலது கை விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவரைக் கண்டாலே அப்பாவின் கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும்.

"அவளால ஒன்னும் முடியாதுங்க சார். எல்லாத்துக்கும் நாங்கதான்."

நான் குறுக்கே பாய்ந்தேன். வேலை செய்வாங்க, சமைப்பாங்க, வண்டி ஓட்டுவாங்க, கை போனா எல்லாமே போச்சு சார் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். டாக்டர் போர்வையை விலக்கி அத்தையின் சூம்பிய கால்களைப் பார்த்தார். கைகளைப் பார்க்கவில்லை. "ஏற்கெனவே நடக்காதவங்கம்மா. ரிஸ்க் ஜாஸ்தி, எடுத்தாலும் பெருசா பலன் இருக்காது. மருந்துலயே பார்ப்போம். உங்க அப்பாவே சொல்றாரே" என்றார். அப்பா அப்போதுதான் தூக்கம் கலைந்தவர் போல, "இல்ல சார், அது ஆபீசுக்குச் சொல்றது சார்" என்றார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பின்னால் வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். இந்தச் சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சிகளில் ஏற்கெனவே ஊனம் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை என்றார் அவர். அவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான், ஆனால் கட்டியை எடுத்த பிறகு தங்கள் பழைய நிலைக்கே திரும்பியவர்களும் இருக்கிறார்கள் என்றார். பழைய நிலை. அதைத்தானே நாங்கள் கேட்டோம்? அத்தையை நடக்க வையுங்கள் என்றா கேட்டோம்? கட்டியை எடுத்திருந்தால் கை நிச்சயம் திரும்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. முயன்று பார்க்கவே அவர் தகுதியில்லாதவர் என்று கால்களைப் பார்த்து முடிவு கட்டினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பா மேலும் கோபம் உண்டு. ஆனால் அவர் அத்தையின் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்து கிடப்பதைப் பார்த்தால் வாய் வருவதில்லை.

போன வாரம் விசாரிக்க ஒருவர் வந்தார். வண்டி வாசலிலேயே நின்றது. ஒளித்து வைக்க இனி என்ன இருக்கிறது? "இவங்களால என்ன முடியும்?" என்று கேட்டார். அப்பா கைகட்டி நின்றார். அந்த வாக்கியம் இப்போது உண்மை. அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. அத்தை இடது கையை நீட்டி வண்டியைக் காட்டி ஏதோ குழறினார். வந்தவர் என்னைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டுவாங்களாம். எழுதிக்குங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் அத்தை ஜாடை காட்டியபடி, அப்பா வலது கைப்பிடி நூலைப் பிரித்து இடதில் சுற்றினார். அத்தை தொட்டுப் பார்த்தார். தளர்வாக இருக்கிறது என்று தலையை ஆட்டி, பிரித்து மறுபடி சுற்ற வைத்தார். அப்பாவுக்கு வரவில்லை. இறுக்கிச் சுற்றத் தெரிந்த கை அத்தையின் மடியில் கிடந்தது.