சூறைபோன மலை

வகிரா அக்கா வாயைத் திறந்தால் சந்தையே அடங்கும். பந்துல் பக்கம் எங்கள் ஊர்ச் சந்தையில் மிளகாய் விற்பவள். பேரம் பேச வருகிறவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான்.

அறுவடைத் திருநாளுக்குக் காய்கறி மலை கட்டுவது அவள் கணவர் பார்த்த வேலை. அவர் காலமானபின் இந்த ஆண்டுதான் அக்கா முதன்முதலாகக் கட்டினாள். மூங்கில் கூட்டின்மேல் காராமணி, கத்தரி, தன் கடையில் இருந்த மிளகாய் முழுவதும் என்று ஆளுயரத்துக்கு மேல் நின்றது. பிரார்த்தனை முடிந்ததும் ஊரே பாய்ந்து பிய்த்துக்கொண்டு ஓடும். அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் 'ரயாஹ்' என்று பெயர். அந்தக் காலத்தில் படை புகுந்து களஞ்சியத்தை வாரி, வீட்டைக் கொளுத்தியதற்கும் இதே சொல்தான். தமிழில் மட்டும் என்ன, ஊரைச் சூறையாடினான் என்கிறோம், பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காயும் விடுகிறோம். மலை மிச்சமில்லாமல் சூறைபோனால்தான் கட்டியவருக்குக் கைராசி. மிஞ்சினால் அடுத்த ஆண்டு வேறு ஆள்.

பிரார்த்தனை முடிந்த நேரம் பார்த்து ஊர்த்தலைவர் சுப்ரிஹ் மைக்கைப் பிடித்தார். போன ஆண்டு நெரிசலில் முன்பல்லைப் பறிகொடுத்தவர்.

"ரயாஹ்னா கொள்ளைங்க. நாம என்ன கொள்ளைக்காரங்களா? வரிசையா வந்து ஆளுக்கு ஒண்ணு எடுங்க."

மரியாதையாகக் கேட்டுவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறுக்கத் தெரியாது. வரிசையில் நின்றார்கள். "நீங்க மொதல்ல." "ஐயோ, நீங்க மொதல்ல." ஒருவரும் மலையைத் தொடவில்லை. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"எழவு வீட்டுலகூட இதவிடக் கலகலப்பா இருப்பாங்க!" என்று அவள் கத்தினாள். "தலைவரே, கொள்ளைக்காரி நானாவே இருந்துட்டுப் போறேன். ரயாஹ்!"

கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். ஒரு காராமணிக் கொத்தைப் பிய்த்துக் கூட்டத்தில் வீசினாள். அவ்வளவுதான், மரியாதை காற்றில் பறந்தது. மூங்கில் குச்சியைக்கூட விடவில்லை. அக்காவின் ஒற்றைச் செருப்பையும் எவனோ கொண்டுபோனான். தலைவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையில் கத்தரிக்காயோடு வெளியே வந்தார்.

"பல்லு இருக்கா, தலைவரே?" என்றாள் அக்கா.

"இருக்கு. அடுத்த வருஷமும் நீயே கட்டு, தாயே. நான் மைக்கத் தொடல."

சாயங்காலம் அக்கா ஒற்றைச் செருப்போடு என் வீட்டுக்கு வந்தாள்.

"ரெண்டு மிளகா இருந்தா குடுடா. சம்பால் அரைக்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

மடியை அவிழ்த்தேன். "கொள்ளையடிச்ச சரக்கு அக்கா. வெல கொஞ்சம் கூட."

"அடப்பாவி! கொறைச்சுச் சொல்லு" என்று முதன்முதலாக என்னிடம் பேரம் பேசினாள்.