தெரிந்த ஊரைப் பற்றி ஐந்து கேள்விகள்

2004-ஆம் ஆண்டு. கல்லூரி முடித்துவிட்டு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்காக சிவகாசியில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கீழே அச்சகம், மாடியில் வகுப்பு. காலண்டர் சீசன் என்பதால் ஞாயிறும் மெஷின் ஓடும்; நாங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு அதிரும். மை வாசனை துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

நான் ஆங்கில வழியில் படித்தவள். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி கம்பெனி. "ஒரு தடவை எழுதிப் பாரு. கெடைக்கலைன்னா மாப்பிள்ளை பாத்துருவோம்" என்று சொல்லியிருந்தார். என் பக்கத்தில் உட்காருபவள் ஏழாயிரம்பண்ணைக்காரி. அவள் அம்மா விவசாயத்தை விட்டுப் பட்டாசு கம்பெனி வேலைக்கு வந்தவர். தமிழ் வழியில் படித்தவள் என்பதால் ஆங்கிலச் சொற்களுக்கு என்னிடம்தான் அர்த்தம் கேட்பாள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். ஆங்கிலப் பத்தியைப் படித்து ஐந்து கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். பத்தி எங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிலைப் பற்றியது. எனக்கு ஒரே சந்தோஷம். மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவள் நேரம் முடியும்வரை விரலை வரிமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஐந்தும் சரி. எனக்கு ஒன்றுதான்.

"பத்தியே தப்பு. இந்தத் தொழில் இங்கன வந்ததுக்கு வறண்ட வெயில்தான் காரணம். எங்க அப்பா சொல்லுவாரு" என்று அவளிடம் பொரிந்து தள்ளினேன்.

"அது இருக்கட்டும். மழையில்லாம வெவசாயம் படுத்து, வேலைக்கு ஆள் கெடச்சதுதான் காரணம்னு இதுல போட்டிருக்கு. அதைத்தான கேக்காக" என்று அந்த வரியைக் காட்டினாள்.

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எனக்கு அம்புட்டு இங்கிலீஷ் வராதுல்ல. கேள்வியை மொதல்ல படிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் எந்த வரியில இருக்குன்னு திரும்பப் போயித் தேடுனேன். நீ தெரிஞ்ச ஊருன்னு தேடவே இல்ல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் வீடே அப்படி விவசாயத்தை விட்டு வந்ததுதான் என்பது அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் வகுப்பு முடிந்தபின் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் அர்த்தம் சொல்வேன். விடை எந்த வரியில் என்று காட்டாதவரை அவள் என்னை விடமாட்டாள்.

மதுரையில் எழுதிய தேர்வில் மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு பத்தி வந்தது. வீட்டுக்கு வீடு அதைப் பற்றியே பேசிய காலம். விடை குறிக்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் பத்திக்குத் திரும்பிப் போனேன். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவள் கோயம்புத்தூர் போனாள், நான் மதுரை.

இன்றும் அலுவலகத்தில் யாராவது தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். அப்போது வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதை முழுசாகக் கேட்கிறேன் என்றால், அது அந்தத் தோழியால்தான்.