விழ வசதி இல்லாதவர்

பல் செட் செய்யும் லேபிலிருந்து கிளினிக்குகளுக்குச் சைக்கிளில் போய், பல் அச்சுகளைக் கொடுத்து வாங்கி வருவதுதான் அவருக்கு வேலை. பாதி நகரத்தின் பல் அவர் பையில்தான் என்று கேலி பேசுவார்கள். ஆனால் லேபில் அவருக்கு வைத்த பெயர் ‘ஹெல்மெட்’. தார் இளகும் கோடையிலும் அதைக் கழற்ற மாட்டார். போய்ச் சேரும்போது சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். தாடையில் வார் பதிந்த தடம் சிவந்திருக்கும்.

“சைக்கிளுக்குப் போய் ஹெல்மெட்டா அண்ணே? இந்த வெயில்ல மூளை வெந்துடப் போகுது,” என்பாள் மெழுகு வேலை செய்யும் பெண்.

“உனக்கென்னம்மா, விழுந்தா தூக்க வீடு நிறைய ஆளு. எனக்கு விழ வசதி இல்ல.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அது வேடிக்கைப் பேச்சில்லை. ஒருமுறை காய்ச்சலில், எட்டிப் பார்க்க நாதியில்லாமல், குழாய் வரைக்கும் தவழ்ந்து போய்த் தண்ணீர் குடித்தவர் அவர். சாவுக்கு அவர் பயந்ததில்லை. படுக்கையில் விழத்தான் பயம்.

ஹெல்மெட்டின் உள்பக்கம், ஆபத்துக்கு அழைக்க ஓர் எண் எழுதச் சின்ன இடம் விட்டிருந்தார்கள். வாங்கிய அன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இருந்த ஒரே அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். முதலாளி எண்ணை எழுதக் கூச்சம். காலியாக விடவும் மனசு கேட்கவில்லை. கடைசியில் தன் எண்ணையே எழுதினார். தொலைந்தால் திரும்பி வருமே என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். பாவம், வேறென்ன செய்வார்?

அன்று அனல் கொளுத்தியது. பாலம் ஏறும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இறக்கத்தில் சைக்கிளோடு சாய்ந்தார். நடைபாதை விளிம்பில் மோதி ஹெல்மெட் விரிசல் விட்டது, மண்டை தப்பியது. யார் யாருடைய பற்களோ சாலையெல்லாம் சிதறின.

கண் விழித்தபோது பாலத்துக்குக் கீழே நிழலில் கிடத்தப்பட்டிருந்தார். முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு லாரி டிரைவர் ஹெல்மெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள நம்பர் இருக்கு, வீட்டுக்குச் சொல்லிடறேன்,” என்று போனை எடுத்தார். வண்டி இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

இவர் சட்டைப்பையில் மணி அடித்தது. பாதி மயக்கத்தில், பழக்கதோஷத்தில், கை தானாக எடுத்துக் காதில் வைத்தது.

“ஹலோ, உங்க வீட்டுப் பெரியவர் இங்க பாலத்துக்குக் கீழ விழுந்து கிடக்காரு. பயப்படாதீங்க, தலையில அடியில்ல. உடனே யாராவது வர முடியுமா?”

அவரைப் பற்றி ஒருவர் இத்தனை அக்கறையாகப் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

“வர்றேங்க,” என்றார். “அதுவரைக்கும் கொஞ்சம் அவர் பக்கத்துல இருங்க.”