எஸ்தர் திருத்திய கணக்கு

எஸ்தர் இறந்துபோய்விட்டார் என்று அவர் கணவர் ஞானராஜ் தொலைபேசியில் சொன்னபோது, திருவள்ளூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். வண்டி வந்தது, ஏறவில்லை. பெரியபாளையம் வழியாகப் பேருந்து பிடித்துக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன். எங்கள் பழைய ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் எஸ்தர் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அங்கே பேச முடியவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

எஸ்தரின் பெற்றோர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர் ஐடிஐ படித்து, எங்கள் குழாய்த் தொழிற்சாலைக்கு ஒப்பந்த பிட்டராக வந்தார். நான் அங்கே கணினி நிரல் எழுதுபவன். குழாயின் கனத்தை லேசர் கதிரால் அளக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. கதிர் ஒரு சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குழாயின்மேல் விழும். கண்ணாடியைப் பொருத்துவது எஸ்தர். கதிர் எந்தத் திசையில் திரும்பும் என்று கணக்கிடுவது என் நிரல்.

கண்ணாடி நாற்பத்தைந்து டிகிரியில் இருந்தவரை எல்லாம் சரியாக ஓடியது. நானும் அந்த ஒரு கோணத்தில்தான் சோதித்திருந்தேன். புதிய அளவுக் குழாய் வந்ததும் கண்ணாடியை ஐம்பதுக்கு மாற்றினார்கள். அன்று காலையிலிருந்து நல்ல குழாய்களையெல்லாம் இயந்திரம் கழித்துத் தள்ளியது. கண்ணாடியைக் கோணலாக மாட்டிவிட்டார்கள் என்று, கொஞ்சமும் யோசிக்காமல் நான்தான் சொன்னேன். படித்தவன் பேச்சு எடுபட்டது. மேலாளர் எஸ்தரின் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

எஸ்தர் அழவில்லை, கெஞ்சவில்லை. தேநீர் இடைவேளையில் என்னை வெயில் விழும் ஷட்டர் கதவுப் பக்கம் கூட்டிப் போனார். தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை வெயிலில் பிடித்தார். சுவரில் வெளிச்சம் விழுந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தார். கோணமானியை வைத்து மூடியைச் சரியாக ஐந்து டிகிரி திருப்பினார். வெளிச்சம் நகர்ந்த கோணத்தை என்னையே அளக்கச் சொன்னார். பத்து டிகிரி.

"கண்ணாடி ஒரு பங்கு திரும்புனா வெளிச்சம் ரெண்டு பங்கு திரும்புது சார். நான் சரியாத்தான் மாட்டிக்கீறேன். உங்க கணக்க ஒரு தபா பாருங்க."

பார்த்தேன். நாற்பத்தைந்திலிருந்து கண்ணாடி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே கதிரும் திரும்பும் என்று எழுதி வைத்திருந்தேன்; கண்ணாடி திரும்பாமல் இருந்தவரை அந்தத் தவறு வெளியே தெரியவில்லை. பள்ளிக்கூடப் பாடம்தான், வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே ஓர் இடத்தில் இரண்டால் பெருக்கினேன், குழாய்கள் தேறின. தவறு என்னுடையது என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கேட் பாஸ் திரும்பி வந்தது.

நிரலில் தவறைத் திருத்தியவர் பெயரை அந்த வரிக்கு மேலே எழுதி வைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். எஸ்தர் பெயரை எழுதினேன். பிட்டர் பெயர் எதற்கு என்று மேலாளர் முணுமுணுத்தார். அழிக்க மாட்டேன் என்றேன். எஸ்தரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டியபோது, இதைக் கம்ப்யூட்டர் படிக்குமா என்று கேட்டார். அது தாண்டிப் போய்விடும், ஆட்கள்தான் படிப்பார்கள் என்றேன்.

"அது போதும் சார். கண்ணாடிக்கு இது மொதல்லியே தெரியும். ஆளுங்களுக்குத்தான் தெரியல."

அடக்கம் முடிந்ததும் ஞானராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ பேரு இன்னும் அந்த மிஷின்ல கீதுங்களா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது. அந்த இயந்திரத்தில் மட்டுமல்ல. நான் வேலை மாறிவிட்டேன். ஆனாலும் கண்ணாடி வரும் ஒவ்வொரு நிரலிலும் இரண்டால் பெருக்கும் வரிக்கு மேலே எஸ்தர் என்று எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள், இவர் எந்தக் கல்லூரி என்று கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி பிட்டர், என் கணக்கைத் திருத்தியவர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.