ஹனீபா காக்காவின் முழங்காலும் என் நாலு துளித் திரவமும்

2009 ஜூலையில் நான் நிந்தவூருக்குப் போனது கடல் பார்க்க அல்ல, நான் கெடுத்துவைத்த ஒரு செயற்கைக் காலைப் பார்க்க. போர் முடிந்து இரண்டு மாதம். அந்தப் பக்கம் இப்போது போகலாமா என்று பலர் கேட்பதால் விவரங்களையும் எழுதுகிறேன். ரசிக்கும்படியான பயணம் இல்லை, முதலே சொல்லிவிட்டேன்.

கண்டியிலிருந்து கல்முனைக்குக் காலை 5.45 பஸ். மகியங்கனை, அம்பாறை வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர், 230 ரூபாய். மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். கல்முனையில் இறங்கும்போது பிற்பகல் 1.20. அங்கிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் நிந்தவூருக்கு எட்டு கிலோமீற்றர், பதினைந்து ரூபாய். நடத்துனர் என் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, மௌத்து வீட்டுக்கா போறீங்க?" என்றார். இல்லை என்றேன். மனநிலை என்னவோ சாவு வீட்டுக்குப் போவது போலத்தான் இருந்தது.

ஹனீபா காக்கா என் பெரியம்மாவின் மகன்; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். வயலுக்குப் போன இடத்தில் மிதிவெடி அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேல்வரை கொண்டுபோய்விட்டது. சுனாமிக்குப் பிறகு வந்திருந்த வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று, மடங்கும் முழங்கால் வைத்த செயற்கைக் கால் கொடுத்தது. அதோடு அவர் பள்ளிவாசலில் வரிசையில் நின்றே தொழுதார். ஒரே குறை, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் முழங்கால் கிரீச்சிடும். பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும்.

"தையல் மெசின் எண்ணெய் விட்டா ரெண்டு நாளைக்குத்தான் தம்பி" என்றார், மார்ச்சில் நான் போயிருந்தபோது. ஏன் இரண்டே நாள் என்று நான் கேட்கவில்லை. பெரிய விஞ்ஞானி அல்லவா!

பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்வது அயனித் திரவங்களை. சாதாரண வெப்பத்திலேயே உருகிக் கிடக்கும் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகாது. உலோகத்தில் ஒரு துளி விட்டால் உருண்டு நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவி நனைக்கும். நல்ல மசகு. காக்காவின் முழங்கால் அச்சுக்கு நிக்கல் பூச்சு. ஆய்வுகூடத்திலும் நிக்கல் பூசிய உருக்குத் தகடுகளில்தான் சோதித்திருந்தேன். நாலு துளி விட்டேன். சத்தம் நின்றது. காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது அந்த அச்சு பச்சையும் துருவுமாகப் பொரிந்து கிடந்தது. பூச்சு செதில் செதிலாகக் கழன்றது. ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுகையில் அச்சு முறிந்து, முன்னால் நின்றவர் மேல் விழுந்திருக்கிறார்.

"இதத் தண்ணியில வெச்சீங்களா காக்கா?"

"வுழு செய்யக்குள்ள கழுவுவன்தானே."

"செயற்கைக் காலக் கழுவத் தேவையில்லையே!"

"ஓம், மௌலவியும் அதத்தான் சொன்னாரு. அதுக்கென்ன, என்ட கால்தானே."

தொழுகைக்கு முன் கை கால் கழுவும் அந்த வுழு ஒரு நாளைக்கு ஐந்து தரம். அதுவும் சுனாமிக்குப் பிறகு உவர்ப்பு மாறாத பள்ளிக் கிணற்றுத் தண்ணீர். எண்ணெய் கழுவப்பட்டுப் போயிருக்கிறது. என் திரவம் போகவில்லை, அதுதான் வினை. நன்றாக நனைக்கும் என்று நான் பெருமைப்பட்ட அந்தக் குணமே, பூச்சிலிருந்த கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் அதைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் சேர்ந்ததும் அது உடைந்து அமிலமாகி, கிணற்று உப்போடு சேர்ந்து அடியிலிருந்த உருக்கைத் தின்றுவிட்டது. என் தகடுகள் உலர்ந்த பெட்டிக்குள் இருந்தவை. நானும் ஐந்து வேளை கால் கழுவுகிறவன். எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

கால் கொடுத்த நிறுவனம் போர் முடிந்ததும் புறப்பட்டுப் போய்விட்டது. அந்த வகை முழங்கால் இங்கே வேறெங்கும் கிடைக்காதாம்.

ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். காக்கா முழங்காலைக் கழற்றி வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார். "கவனமாக் கொண்டு போ தம்பி." திருத்திக் கொண்டுவருவேன் என்று நினைத்துத் தருகிறார் என்பது எனக்கு விளங்கியது. அப்படியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் நேரடி பஸ் கல்முனையில் காலை ஆறு மணிக்கு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடைகள் பூட்டு. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். யாருக்காவது ஏதாவது கொடுப்பதாக இருந்தால், அவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

என் பேராசிரியர் அந்த முழங்காலைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இவ்வளவு தெளிவான அரிப்பு ஆய்வுகூடத்தில் கிடைக்காதாம், குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டுமாம். கேட்காமல் வெட்ட மனம் வராமல் நேற்று காக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வெட்டினாப் பொறகு பொருத்தலாமா?"

"ஏலாது காக்கா."



"நோன்புக்கு முதல் கால் வந்துரும் எண்டு பள்ளியில எல்லாருக்கும் சொல்லிப் போட்டன் தம்பி" என்றார்.