பிஸ்டன் இல்லாத ஓட்டோ

போன திங்கட்கிழமை மாலை, பதுளையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஸ்டெல்லாவின் ஓட்டோவில் போனேன். பின் சீட்டில் நான்கு பள்ளிப் பிள்ளைகள், நடுவில் நசுங்கியபடி நான். எல்லார் கண்ணும் பெட்டரி மீட்டரில்!

என் கார் எங்கே என்கிறீர்களா? ஏதோ ஒரு சென்சர் கொழும்பிலிருந்து வரும்வரை கராஜில் ஓய்வெடுக்கிறது.

ஸ்டெல்லாவுக்குப் பிழைப்பே இந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான். பழைய பெற்றோல் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, புதிது வாங்க வசதியில்லை. டவுனில் கராஜ் வைத்திருக்கும் நௌபர் அதைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டரும் சின்ன பெட்டரியும் பொருத்திக் கொடுத்தார்.

எஞ்சின் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன்... பிஸ்டன் இல்லை, பிளக் இல்லை, கார்பரேட்டர் இல்லை. ஒயில் மாற்றும் வேலையும் இல்லை. இல்லாத சாமான் எப்படிப் பழுதாகும்? இனி வராத செலவுகளை நினைத்து அசந்துபோனேன்.

ஆனால் முந்தின வாரம் அதே வண்டி பாதி ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. பிள்ளைகள் மழையில் நடந்தார்கள். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேனுக்கு மாத்திருவோம்" என்று தாய்மார்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே?

பதறிப்போய் நௌபரிடம் ஓடினார் ஸ்டெல்லா.

"எறக்கத்துல சாவிய ஓஃப் பண்ணிட்டா வந்தீங்க, தங்கச்சி?"

"ஆமா நௌபர் நானா. எல்லாரும் அப்படித்தானே எறங்குறோம்?"

உண்மைதான். பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவது எங்கள் மலைப் பழக்கம் — ஆபத்தான பழக்கமும்கூட!

"இதுல சாவி ஓன்ல இருக்கணும். எறங்குறப்போ மோட்டரே பெட்டரிக்குச் சார்ஜ் ஏத்தும்" என்றார் நௌபர்.

மிச்சம் பிடிக்கப் போய், சும்மா வரும் சார்ஜைத் தடுத்திருக்கிறார் ஸ்டெல்லா! வண்டியை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஓட்டுகிற கைதான் பழைய வண்டியிலேயே இருக்கிறது.

நான் போன அன்று காலை முழு இறக்கமும் சாவி ஓனில். இப்போது மாலை ஏற்றம். வண்டி நின்றுபோன அந்த வளைவு வந்தது... கடந்தது! பிள்ளைகள் கத்திய கத்தலில் என் காது அடைத்தது. எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது, வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

லயக் குடியிருப்பு வாசலில் நிறுத்தியதும் ஒரு தாய் வெளியே வந்தார். ஸ்டெல்லா ஹேண்டிலை விடவேயில்லை. என்ன சொல்லப் போகிறாரோ?

"நாளையிலருந்து வந்ததும் ஹோர்ன் அடிங்கக்கா. வண்டி வந்ததே கேக்கல!"